எழுநூற்றைம்பது கடல் மைல்

போர்ட் பிளேயர் விமான நிலையத்தை மையமாக வைத்து, வரைபடத்தின் மீது 1400 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம் ஒன்றை வரைந்து பார்ப்போமாக. வட்டத்தின் மேற்கு விளிம்பிற்குச் சற்று உள்ளே சென்னை மீனம்பாக்கம் நிற்கும். தென்கிழக்கு விளிம்பின் மீதே கோலாலம்பூர் விமான நிலையம் நிற்கும். மீனம்பாக்கத்திற்கு ஏறத்தாழ 1370 கிலோமீட்டர்; கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 1400. ஆக, தாய்நாட்டின் துறைக்கும் அயல்நாட்டின் தலைநகருக்கும் இடையே தூரத்தில் உள்ள வேற்றுமை முப்பது கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து எண்ணூர் போய்வருவதற்கு அது போதாது.

வட்டத்தின் உள்ளே நோக்கினால் வியப்பு இன்னும் மிகும். இரங்கூன் 690 கிலோமீட்டர். தாய்லாந்தின் புக்கெட் 730. சுமத்திராவின் வடமுனையிலுள்ள பண்டா ஆச்சே 740. பாங்காக் 900. இந்தியப் பெருநிலத்தின் எந்த விமான நிலையமும் போர்ட் பிளேயருக்கு இவ்வளவு அருகில் இல்லை. தில்லியோ 2490 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. தில்லியிலோ மும்பையிலோ கல்கத்தாவிலோ வாழும் நேயர்களுக்கு ஊர்த்தொலைவு என்பது பழகிய கணக்கு. தில்லியிலிருந்து சென்னைக்கு ரயில் பாதையில் 2180 கிலோமீட்டர், ஆகாய மார்க்கமாக 1760 என்று அவர்களிற் பலர் உறக்கத்திலும் ஒப்பிப்பார்கள். அந்த ஆகாயத் தொலைவைக் காட்டிலும் போர்ட் பிளேயரிலிருந்து கோலாலம்பூர் குறுகிய தொலைவுதான்.

இந்நகருக்கு 2024 செப்டம்பரில் மத்திய அரசு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் சூட்டியது. விடுதலைப் போரின் வெற்றியைக் குறிப்பதே அப்பெயரின் கருத்து என்று அப்பொழுது அறிவிக்கப்பட்டது. எனினும் வரலாறு கற்றவர்க்கு, சுமத்திராவில் இருந்து கடலாண்ட ஸ்ரீவிசயப் பேரரசும் உடனே நினைவுக்கு வரும். அப்பேரரசின் மீது படையெடுத்தவன் நம் இராசேந்திர சோழன் என்பது தனிச் சுவை. பழைய செய்திகளையே மிகுதியும் பேச வேண்டியிருத்தலின், இக்கட்டுரையில் பழைய பெயரையே ஆள்வோம்.

தூரம் என்று சொன்னோம். அதனை அளப்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. அந்தமானைப் பற்றிய வழிகாட்டி நூல்களிலும் அறிவிப்புகளிலும் சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே 1190 கிலோமீட்டர் என்று அச்சிடுவது நெடுநாள் வழக்கம். ஒரு நூலைப் பார்த்து மற்றொரு நூல் எழுதப்படுவதால் அவ்வெண் அழியா வரம் பெற்றுவிட்டது. ஆனால் இரு இடங்களின் அட்சரேகை தீர்க்கரேகைகளைக் கொண்டு கணக்கிட்டால் நேர்கோட்டிலேயே 1370 கிலோமீட்டர் வருகிறது. கப்பல் செல்லும் வழி நேர்கோட்டைவிட நீளுமேயன்றிக் குறையாது. அப்படியானால் 180 கிலோமீட்டர் எங்கே போயிற்று?

விடை மைலில் இருக்கிறது என்பது என் கருத்து. மாலுமிகளும் விமானிகளும் ஆள்வது கடல் மைல். அது 1852 மீட்டர். நாம் பழைய நெடுஞ்சாலைக் கற்களில் கண்டது நிலமைல்; அது 1609 மீட்டர். சென்னையிலிருந்து போர்ட் பிளேயர் 740 கடல் மைல். அதை முறைப்படி மாற்றினால் 1370 கிலோமீட்டர் ஆகும். நிலமைல் என்று எண்ணிக்கொண்டு மாற்றினாலோ மிகச் சரியாக 1190 ஆகும். மெட்ரிக் அளவைகள் நம் நாட்டிற்கு வந்த காலத்தில், ஏதோ ஓர் அலுவலக மேசையில், மைல் என்றால் ஒரே மைல்தான் என்று எண்ணிய எவரோ ஒருவரின் பெருக்கல் இது என்று கொள்ள இடமுண்டு. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனுக்கு இதில் பெரிய ஆச்சரியம் தோன்றாது. ‘நாட்டிகல் மைல்’ என்ற தொடரில் முன்சொல் ஒன்று விடுபட்டால், கடலில் 180 கிலோமீட்டர் வற்றிவிடுகிறது, அவ்வளவே.

தூரம் இவ்வாறு, காலம் வேறு கதை. இன்றைய ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடியது. 1400 கிலோமீட்டரைக் கடக்க ஒன்றேமுக்கால் மணி. ஓடுபாதையில் ஊர்வதற்கும், மேலேறுவதற்கும், இறங்குவதற்கும் சேர்த்து இன்னும் ஓர் அரை மணி. ஆக இரண்டேகால் மணி நேரத்தில் கோலாலம்பூரை அடையலாம். சென்னைக்கும் அவ்வளவே ஆகிறது. கப்பலிலே சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கு மூன்று நாள். அதற்கு முற்பட்ட காலத்தில் என்ன நிலைமை?

ஏழாம் நூற்றாண்டிலே அதற்கு எழுத்துச் சான்று உண்டு. சீனப் பௌத்தத் துறவியான இத்சிங், 671-ஆம் ஆண்டு காண்டன் துறையிலிருந்து புறப்பட்டு, ஸ்ரீவிசயத்தில் தங்கி, கடாரம் வழியாக வங்கத்துத் தாமிரலிப்தியை 673-இல் அடைந்தார். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். அங்கிருந்து வடக்கு நோக்கிப் பத்து நாளுக்கு மேல் பாய் விரித்துச் சென்றால் ஆடையற்றோர் நாடு வரும் என்றும், அங்கிருந்து வடமேற்கே அரைமாதப் பிரயாணத்தில் தாமிரலிப்தியை அடையலாம் என்றும் அவர் குறித்திருக்கிறார். அந்நாட்டு மக்கள் சிறு படகுகளில் கப்பலைச் சூழ்ந்து, தேங்காயைக் கொடுத்து இரும்பை வாங்க ஆவல்கொண்டு நின்றனர் என்பதும் அவர் தரும் செய்தி. அது நிக்கோபார்த் தீவுகளே என்பது அறிஞர் பலரின் துணிபு. இத்சிங்குக்குப் பத்து நாளுக்கு மேலான அந்தக் கெடா–நிக்கோபார்த் தொலைவு சுமார் 900 கிலோமீட்டர். இன்றைய விமானத்திற்கு அது ஒன்றரை மணி வேலை.

நம் கல்வெட்டுகளில் இத்தீவுகள் மாநக்கவாரம் எனும் பெயருடன் வருகின்றன. 1025-ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்த கடாரப் படையெடுப்பில் இராசேந்திரன் கொண்ட ஊர்களின் வரிசையைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது. அவ்வரிசையில் ஸ்ரீவிசயமும் மாநக்கவாரமும் கடாரமும் ஒருங்கே இடம்பெறுகின்றன. படையெடுப்புக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர்தான், இராசராசன் காலத்திலே, கடாரத்து அரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது; அதற்குச் சோழன் ஊர் ஒன்றை இறையிலியாக விட்டான். பகையும் உறவும் ஒரே கடல் வழியில் போய் வந்தன. நாகப்பட்டினத்திலிருந்து கடாரத்திற்குக் கோடு இழுத்தால் அது நிக்கோபார்த் தீவுகளின் மீதாகவே செல்லும். ஆகவே சோழர் காலத்து மாலுமிக்கு நக்கவாரம் உலகின் கோடியிலுள்ள தீவன்று. வழியிலே காணும் அடையாளம். குடிநீரும் தேங்காயும் கிடைக்கும் இடம்.

அது உலகின் கோடியாக ஆனது பிற்காலத்தில், ஆங்கிலேயர் ஆட்சியில். 1789-இல் ஆர்ச்சிபால்டு பிளேயர் என்ற கடற்படை அதிகாரி தொடங்கிய முதற் குடியேற்றம் நோயினால் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. 1857-இன் எழுச்சிக்குப் பின், 1858 மார்ச் 10 அன்று இருநூறு கைதிகளுடன் ‘செமிராமிஸ்’ என்ற கப்பல் போர்ட் பிளேயரை அடைந்தது. தூரமே தண்டனையாயிற்று. ‘மகாராஜா’ என்ற கப்பல் கல்கத்தா, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று துறைகளுக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே கைதிகளையும் அதிகாரிகளையும் சுமந்து ஓடியது. இரங்கூன் அன்று அயல்நாடு அன்று என்பதை நேயர்கள் மறத்தலாகாது. 1937 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம்.

ஆகாய மார்க்கம் திறந்தபோதும் அந்தமான் ஒதுங்கியே நின்றது. 1933 டிசம்பரில் இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனி லண்டன் தபால் விமானத்தைச் சிங்கப்பூர்வரை நீட்டியது. கல்கத்தாவிலிருந்து அக்கியாப், இரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார், சிங்கப்பூர் என்று கரையை ஒட்டியே அது சென்றது. அலோர் ஸ்டார் கெடாவின் தலைநகர். கடாரத்திற்கு விமானம் வந்துவிட்டது. நக்கவாரத்திற்கும் அந்தமானுக்கும் வரவில்லை. அங்கே இறங்குவதற்குத் தரை இல்லை.

தரை எவ்வாறு உண்டாயிற்று என்பது இவ்வரலாற்றின் கறுத்த பகுதி. 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை போர்ட் பிளேயரில் இறங்கியது. வங்கக் கடலின் நடுவே ஒரு விமானத் தளம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. லம்பாலைன் என்ற பகுதியில் ஓடுபாதை அமைக்கத் தீவு மக்களையே கட்டாய வேலைக்கு இழுத்தனர். மண் சுமந்தவர்களுக்கு வயிறாரச் சோறு இல்லை. ஒற்றர் என்ற பழி சுமத்திப் பலரைச் சிற்றறைச் சிறையில் வதைத்தனர். மக்களுக்காகப் பேசிய டாக்டர் திவான் சிங் அச்சிறையிலே பட்ட சித்திரவதையினால் 1944 ஜனவரியில் உயிர் துறந்தார். அதே மாதம் 30-ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் நாற்பத்துநான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இன்று சுற்றுலாப் பிரயாணிகள் மகிழ்ச்சியோடு இறங்கும் ஓடுபாதையின் தொடக்கம் இதுதான்.

இதே காலத்தில்தான் 1943 டிசம்பர் 29 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் விமானத்தில் போர்ட் பிளேயர் வந்து சேர்ந்தார். மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். தீவுகளுக்கு ஷஹீத் என்றும் ஸ்வராஜ் என்றும் பெயரிட்டார். சில வாரங்களில் ஆசாத் ஹிந்து அரசின் சார்பில் தலைமை ஆணையராக வந்தவர் ஒரு தமிழர்: மருத்துவரும் இந்திய தேசிய ராணுவத் தளபதியுமான ஆற்காடு துரைசாமி லோகநாதன். பட்டம் பெரிது, கையில் வந்த அதிகாரமோ கல்வித் துறையோடு நின்றது. காவல் துறையை ஜப்பானியர் விடவில்லை. சிறையில் நடப்பனவற்றைத் தடுக்க இயலாத நிலையில் அவர் சில மாதங்கள் இருந்து, உடல்நலம் குன்றித் திரும்பினார். சிங்கப்பூருக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே உள்ள 1690 கிலோமீட்டரை விமானம் அன்றே கடந்தது. அந்த விமானத்தில் வந்த விடுதலை, சிறைக் கதவுவரை எட்டவில்லை. 1945 அக்டோபரில் ஜப்பானியர் அதே ஜிம்கானா மைதானத்தில் சரணடைந்தனர்.

சுதந்திரத்திற்குப் பின் ஓடுபாதை நம் கைக்கு வந்தது. 1960-களில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கல்கத்தாவிலிருந்து போர்ட் பிளேயருக்குப் போகையில் இரங்கூனில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயிற்று. இதற்குக் காரணம் எளிது. தீவில் மேகம் மூடி இறங்க முடியாமற் போனால், விமானம் திரும்பிச் செல்வதற்கும் எண்ணெய் வேண்டும். கல்கத்தாவிலிருந்து நேராக 1306 கிலோமீட்டர். இரங்கூன் சுற்றிச் சென்றால் 1718. நானூறு கிலோமீட்டர் சுற்றினாலும் அச்சமின்றிப் போகலாம். ஆகவே இந்தியாவின் ஒரு நகரிலிருந்து இந்தியாவின் மற்றொரு நகருக்குச் செல்லும் வழி, அயல்நாட்டு விமான நிலையம் ஒன்றின் ஊடாகச் சென்றது.

அந்த ஆண்டுகளே பர்மாத் தமிழர் இரங்கூனை விட்டு வெளியேறிய ஆண்டுகள். 1962-இல் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். கடைகளும் ஆலைகளும் தேசவுடைமை ஆயின. மூன்று லட்சம் அளவில் இந்திய வம்சாவளியினர் கப்பலேறினர். அவர்களிற் சில குடும்பங்கள் அந்தமானில் குடியேறின. 1964-இன் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் சிலருக்கு நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டம் வாழ்வு தந்தது. ஆக, அந்தமான் தமிழரில் பலருக்கு உறவு சென்னையோடு மட்டும் முடிவதில்லை. ஒரு கிளை மோல்மேனில். ஒரு கிளை மலையகத்தில். ஒரு கிளை பேராக்கிலோ சிலாங்கூரிலோ.

அவர்களுக்கு நேர்ந்தது என்னவெனில், விமானங்கள் பெருகப் பெருக உறவினர் ஊர் தூரமாயிற்று. போயிங் விமானங்கள் வந்தபின் இரங்கூனில் இறங்க வேண்டிய தேவை ஒழிந்தது. சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் நேரே வரலாயிற்று, அது நன்மையே. ஆனால் கிழக்குப் பக்கத்துக் கதவு சார்த்தப்பட்டதுபோல் ஆயிற்று. போர்ட் பிளேயரிலிருந்து கோலாலம்பூர் செல்ல விரும்பிய ஒருவர், முதலில் மேற்கே 1370 கிலோமீட்டர் பறந்து சென்னை சேர்ந்து, அங்கே காத்திருந்து, பின்பு கிழக்கே 2630 கிலோமீட்டர் பறக்க வேண்டும். 1400 கிலோமீட்டர்த் தொலைவு 4000 ஆகிவிட்டது. சென்னை–கோலாலம்பூர் நேர்கோடு பெரிய நிக்கோபாரின் தென்கோடிக்கு அருகாகவே செல்கிறது என்பதை வரைபடத்தில் கண்டால், பிரயாணி பெருமூச்சு விடுவார். விட்டுப் புறப்பட்ட தீவுக்கூட்டத்தையே மறுநாள் வானத்தில் மீண்டும் கடக்கிறார். ஏழைக்கு அதுவும் இல்லை. 1926 முதல் நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம்மவரைச் சுமந்த ‘ரஜூலா’ கப்பல் 1970-களில் ஓய்வு பெற்றது. அதன் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985-இல் தீவிபத்துக்கு உள்ளானதோடு அந்தக் கடல்வழியும் மூடிற்று.

கதவு சார்த்தப்பட்டதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. கடல் எல்லைகளை வரையறுக்கவே காலம் பிடித்தது. இந்தோனேசியாவுடன் 1974-இலும், தாய்லாந்துடன் 1978-இலும், பர்மாவுடன் 1986-இலும் உடன்படிக்கைகள் ஏற்பட்டன. விமான நிலையத்தைக் கடற்படையோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். பழங்குடியினரின் பாதுகாப்பு முன்னிட்டு அயல்நாட்டாருக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. இவை நியாயமானவையே. இருப்பினும், இந்திரா முனையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டரில் இந்தோனேசியாவின் தீவுகள் இருக்க, அங்கிருந்து வரும் ஒருவர் தில்லியையோ சென்னையையோ சுற்றித்தான் வரவேண்டும் என்பதைப் பூகோளம் ஒப்பவில்லை.

பூகோளம் எத்தகையது என்பதை 2004 டிசம்பர் 26 காலை அனைவரும் கண்டோம். சுமத்திராவின் வடமேற்கே 6 மணி 29 நிமிடத்துக்குக் கடலடி பிளந்தது. அப்பிளவு வடக்கே அந்தமான் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. ஆச்சேயும் நிக்கோபாரும் ஒரே காலையில் அழிந்தன. கார் நிக்கோபார் விமானப் படைத் தளத்தில் வீரர்களும் அவர்தம் குடும்பத்தாருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கச்சாலின் தோட்டக் குடியிருப்புகளும் தப்பவில்லை. அவ்வலை சென்னைக் கரையை அடைய எடுத்துக்கொண்டது சுமார் இரண்டரை மணி நேரம். ஜெட் விமானம் எடுத்துக்கொள்வதும் ஏறத்தாழ அவ்வளவே. போர்ட் பிளேயர் ஓடுபாதை விரிசல் கண்டும் பயன்பட்டது. நிவாரணப் பொருள்கள் அதன் வழியே வந்தன.

2018 மே மாதம் இந்தியாவும் இந்தோனேசியாவும் அந்தமானுக்கும் ஆச்சேயின் சபாங் துறைக்கும் போக்குவரத்தை வளர்க்க இசைந்தன. 2023 ஜூலை 18 அன்று போர்ட் பிளேயரில், சிப்பி வடிவில், சுமார் 710 கோடி ரூபாய்ச் செலவில் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு ஐம்பது லட்சம் பிரயாணிகளுக்கு இடங்கொடுக்கும் கட்டடம் அது. 2024 நவம்பர் 16 அன்று கோலாலம்பூரிலிருந்து ஏர் ஏஷியா விமானம் நேராக வந்து அங்கே இறங்கிற்று. அயல்நாட்டு நகர் ஒன்றோடு கால அட்டவணைப்படி ஏற்பட்ட நேரடி விமானத் தொடர்புக்கு அதுவே தொடக்கம். விமானக் கம்பெனிகளின் அட்டவணை பருவந்தோறும் மாறுவதாகும். பிரயாணத்தை எண்ணுவோர் புறப்படுமுன் விசாரித்துக்கொள்க.

அவ்விமானத்தின் பிரயாண நேரத்தைக் கடிகாரத்தில் பார்ப்பவர் திகைப்பார். சூரியனை வைத்துக் கணக்கிட்டால் கோலாலம்பூர் போர்ட் பிளேயருக்கு ஒன்பது பாகை கிழக்கே இருக்கிறது. முப்பத்தாறு நிமிட வேற்றுமைதான். ஆனால் போர்ட் பிளேயர் தில்லிக்கும் மும்பைக்கும் உரிய இந்திய நேரத்தைப் பின்பற்றுகிறது. ஆதலால் அங்கே கோடைக் காலத்தில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். மலாயாவின் கடிகாரத்தையோ ஜப்பானியர் ஒருமுறை டோக்கியோவிற்குத் திருப்பினர். பின்பு பழையபடி ஆயிற்று. 1982-இல் மலேசிய அரசு அதை அரைமணி முன்னே தள்ளியது. விளைவாக இரு நகரங்களின் கடிகாரங்களுக்கும் இடையே இரண்டரை மணி வேற்றுமை. போர்ட் பிளேயரில் நண்பகலில் ஏறியவர் இரண்டேகால் மணி பறந்து இறங்கும்போது, கோலாலம்பூரில் மாலை நாலேமுக்கால் ஆகியிருக்கும். மாறாக, கோலாலம்பூரில் நண்பகலில் ஏறியவர் போர்ட் பிளேயரில் இறங்கும்போது அங்கே பதினொன்றே முக்கால்தான். பகலுணவை அவர் அத்தை வீட்டிலேயே உண்ணலாம்.